நடுத்தூணை எடுத்த மண்டபம்

எங்கள் கஸ்தெல்வேரோ ஊருக்குக் கோமகனின் ஆளுநர் வந்தபோது கொத்தனார் பிந்தோவுக்கு நாற்பது வயது. ஊர்ச்சபை முந்நூறு வருடம் கூடிவந்த பழைய மண்டபத்தை ஆளுநரின் அலுவலகமாக மாற்ற வேண்டும் என்று உத்தரவு. பிளாரன்ஸிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒராசியோ, அகலமான படிக்கட்டுக்காகக் கீழ்த்தளத்து நடுத்தூணை எடுக்கச் சொன்னார். பிந்தோவும் தம்பி வான்னியும் எடுத்தார்கள்.

மறுவாரமே அந்தத் தூண் தாங்கியிருந்த கல் வளைவில் மயிரிழைபோல விரிசல் விட்டது. வளைவு நகர்கிறதா என்று பார்க்கப் பிந்தோ அதன் குறுக்கே சாந்துப் பட்டை ஒன்று பூசிவைத்தான். மூன்றாம் நாள் அந்தப் பட்டை பிளந்திருந்தது.

"வளைவு நகருதுங்க ஐயா. தூணைத் திரும்ப வெச்சே ஆகணும்."

"புதுச் சாந்து காஞ்சா வெடிக்கத்தான் செய்யும். பூசி மறைச்சுட்டு வேலையைப் பாரு" என்றார் ஒராசியோ.

பிந்தோ கரண்டியை வைத்துவிட்டு வெளியேறினான். வான்னி போகவில்லை.

"உனக்கென்ன, தனிக்கட்டை. என் வீட்ல நாலு வயிறு காத்துக் கிடக்கு."

ஆளுநர் முதல் வழக்கு விசாரித்த அன்று மண்டபம் நிறைய ஜனம். பிந்தோவால் பொறுக்க முடியவில்லை. ஊர் மணிக்கோபுரத்தில் ஏறி மணியை அடித்தான். ஆளுநர் அனுமதியில்லாமல் அந்த மணியைத் தொடுவது கலகக் குற்றம். எல்லாரும் அலறியடித்து வெளியே ஓடிவந்தார்கள். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஒரு கல்கூட விழவில்லை.

"என்ன பிந்தோ, வளைவுக்குத் தும்மல் வந்துச்சா?" என்று கசாப்புக்காரன் கேட்க, சதுக்கமே சிரித்தது. பிந்தோவைச் சிறையில் அடைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வளைவு இடிந்து இறங்கியது. எழுத்தர் ஒருவர் செத்துப்போனார். மறுபடி வாய்பிளந்த விரிசலைப் பூசிக்கொண்டிருந்த வான்னிக்கு வலது கால் போயிற்று. ஒராசியோ அந்த வாரமே கோவேறு கழுதையில் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

ஆளுநர் பிந்தோவை விடுவித்துத் தூணைத் திரும்பக் கட்டச் சொன்னார். இன்னொரு உயிர் போகக் கூடாதே என்று ஒப்புக்கொண்டான். படிக்கட்டு குறுகலாகத்தான் அமைந்தது. மண்டபம் நின்றது. நீ சொன்னதுதான் சரி என்று ஊரார் மது வாங்கிக் கொடுத்தார்கள். அவன் குடிக்கவில்லை.

வான்னி ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினான். "ஊருக்கே மணியடிச்சியே அண்ணே. அன்னிக்கு நீ கிளம்பினப்ப என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

அதன்பின் ஞாயிறுதோறும் பிந்தோ தம்பியை முதுகில் சுமந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோனான். போகும்போதும் வரும்போதும் இருவரும் பேசிக்கொண்டதை நாங்கள் பார்த்ததில்லை.