தெற்கு வாசலில் எண்ணுகிறவர்

எங்கள் ஊரில் அவரைக் கண்டக்டர் என்றால்தான் தெரியும். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. எங்கள் பக்கத்து வீடு. மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். காலையில் ஒரு முறை சமைத்து மூன்று வேளையும் அதையே சாப்பிடுவார். ரேடியோ நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும். அவர் அதைக் கேட்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வீட்டில் ஏதோ ஒரு குரல் வேண்டுமல்லவா?

எங்கள் ஊரில் ஏரி உண்டு, வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் வருடத்தில் பத்து நாள் ஏரிக்கரையில் கலை விழா நடக்கும். எங்கெங்கிருந்தோ நடனக் குழுக்களும் மேளக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் வருவார்கள். அவர்களைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும். அந்தப் பத்து நாளை நம்பித்தான் படகுக்காரர் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார், சலவைக்காரர் மகளைப் படிக்க வைக்கிறார், நாங்கள் விழாத் திடலின் தெற்கு வாசலுக்கு எதிரே தொப்பிக் கடை போடுகிறோம். மற்ற நாட்களில் கடைத்தெருவின் நடுவில் ஒரு நாய் படுத்திருக்கும். எழுந்து வழிவிட வேண்டிய அவசியமே அதற்கு வராது.

வெளியூரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் சுற்றுலா அலுவலகத்துக்கு முக்கியம். எண்ணிக்கை குறைந்தால் விழாவை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இரண்டு வாசலிலும் எண்ணுவதற்கு ஆள் உண்டு. தெற்கு வாசலில் கண்டக்டர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் ஒன்று கூடும். உள்ளூர்க்காரர்களை எண்ணக் கூடாது.

யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வாசலில் நான்கு வருடத்துக்கு முன் பதித்த ஒரு கல் விரல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை. உள்ளூர்க்காரர்கள் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே அதைத் தாண்டிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் தடுக்குவார்கள், இல்லையென்றால் தயங்குவார்கள். அதனால் கண்டக்டர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார். தடுக்கினால் ‘டிக்’. "என்னை மாதிரி எண்ண இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்று பெருமை வேறு.

விழா நாட்களில் ஊரில் எல்லோரும் வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் சமையலறையில் சுருண்டுகொள்வோம். கண்டக்டர் மட்டும் விடமாட்டார். அது மகனுடைய அறை. மகன் பெரிய நகரத்துக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். விழாவுக்கு வரப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வான்.

இந்த வருடமும் அறை பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அவரைச் சீண்டினார்.

"என்ன கண்டக்டரே, காலி சீட்டை வச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறீங்க?"

"அது ரிசர்வ் சீட்டுய்யா."

"ஆறு வருஷமா ஆளே ஏறலையே!"

"இந்தத் தடவை ஏறுவான். நீ போய் உன் வேலையைப் பாரு."

கண்டக்டர் மகன் அறையின் மின்விசிறியைத் துடைத்தார். புதுப் போர்வை வாங்கினார். "பையன் கண்டிப்பா வரேன்னு சொல்லியிருக்கான்மா" என்று என் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு கும்பல் வாசலுக்கு வந்தது. வெள்ளை ஷூ போட்ட ஒரு கால் கல்லில் தடுக்கியது. டிக்.

"அப்பா!"

கண்டக்டர் நிமிர்ந்தார். தாடியும் கண்ணாடியுமாக மகன் நின்றான். பின்னால் நான்கு நண்பர்கள்.

"டேய்! எப்படா வந்தே?"

"நேத்தே வந்துட்டோம்பா, வடக்கு வாசல் பக்கமா. ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து வந்தோம்."

"நேத்தேவா?"

"ராத்திரி ஒன்பது மணி ஆயிடுச்சு. உங்களை எழுப்ப வேணாம்னு ஏரிக்கரை லாட்ஜ்லயே ரூம் போட்டுட்டோம்."

இந்தப் பத்து நாளும் இரவு பதினொரு மணி வரை அவர் வீட்டு வாசல் விளக்கை அணைப்பதில்லை. அதை அவர் சொல்லவில்லை.

"உன் ரூமைத் துடைச்சு வச்சிருக்கேன்டா."

"அஞ்சு பேர் இருக்கோமேப்பா. இவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி? நாளைக்குக் காலையில கிளம்பணும் வேற."

"மத்தியானம் சாப்பிடவாவது வா."

"படகு புக் பண்ணியிருக்கு. பார்க்கிறேன்பா."

ஒரு நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டான். "அங்கிள், இங்க பார்க்க வேண்டிய இடமெல்லாம் சொல்லுங்களேன்."

கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். படகுத்துறை, பூங்கா, பொம்மலாட்டப் பந்தல், சாயங்காலம் நடன மேடை. வீட்டை அவர் சொல்லவில்லை.

"ஆளுங்க போறாங்கப்பா, எண்ணாம விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு மகன் உள்ளே போனான்.

அன்று மதியம் காவலாளியை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கண்டக்டர் வீட்டுக்குப் போனார். பல வருடங்களில் முதல் முறையாக மதியத்தில் அடுப்பு மூட்டினார் என்று அம்மா சொன்னாள். இரண்டேகால் மணிக்குத் திரும்பி வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆறு மணிக்குச் சுற்றுலா அலுவலக மேடம் எண்ணிக்கையை எழுதிக்கொள்ள வந்தார். காவலாளி அதற்குள் கதையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"என்ன சார், சொந்தப் பையனையே எண்ணிட்டீங்களாமே! உள்ளூர்க்காரரை எண்ணக் கூடாதுன்னு எங்களுக்கே பாடம் எடுப்பீங்க. ஒண்ணு குறைச்சுப் போடட்டுமா?"

பேனா தாளின் மேல் காத்திருந்தது. கண்டக்டர் கருவியை உள்ளங்கையில் ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

"வேணாம்மா. லாட்ஜ்லதான் தங்கியிருக்கான். இருக்கட்டும்."

"அப்ப சரி. ஒருத்தர் கூடினாலும் ஊருக்கு நல்லதுதானே!"

கண்டக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். நடன மேடையில் அப்போதுதான் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. உள்ளே போயிருந்தால் மகனை இன்னொரு முறை பார்த்திருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் டிக்கெட் கூட எடுக்க வேண்டியதில்லை. கண்டக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.