காப்பிக்குப் பத்து இல்லை

வலியசாலையில் சூடாமணி வீட்டுக் காப்பிக்கு ஒரு பேர் உண்டு. கொட்டையை அவளே வறுப்பாள், அவளே அரைப்பாள். முதல் டிகாக்ஷனைப் புதுப்பாலில் கலந்தால் மணம் கோயில் மதில்வரைக்கும் போகும் என்று தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்தது. நாற்பத்துநாலு வயது. சர்க்கார் கச்சேரி உத்தியோகத்தில் புருஷன், பள்ளிக்கூட வாத்தியாராக ஒரே பிள்ளை நாகேஸ்வரன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த மாட்டுப்பெண் நாகலக்ஷ்மி. தலை கனக்க இது போதாதா?

அந்த வீட்டில் எல்லாவற்றையும் ஆண்டது ஒரே ஒரு வார்த்தை. பத்து. வெந்த சோறு பட்ட கை பத்து, பட்ட பாத்திரம் பத்து, வைத்த இடமும் பத்து. தண்ணீர் விட்டுக் கழுவாமல் வேறெதையும் தொடக்கூடாது. பூஜை முடிவதற்கு முன்னால் சமையலுள்ளில் பத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. சூடாமணியின் புருஷன் பூஜை முடிக்க ஒன்பது மணி. பிறகு ஆண்கள் சாப்பிட்டுக் கிளம்பவேண்டும், இடம் மெழுகவேண்டும். பெண்கள் இலை போடும்போது பதினொன்றரை ஆகிவிடும்.

நாகலக்ஷ்மி பதினைந்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தாள். பிறந்த வீட்டில் காலையில் எழுந்ததும் பழையதும் தயிரும் மாவடுவுமாகத் தின்று வளர்ந்த பெண். பெரியவளானபோது நாற்பது நாள் உளுத்தங்களியும் நல்லெண்ணெயுமாகக் கொடுத்து அவள் அம்மா உடம்பைத் தேற்றியிருந்தாள். வந்த இரண்டாம் நாள், "அம்மா, பழையது இருக்கா?" என்று சமையலுள் வாசலில் நின்று கேட்டாள். சூடாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பழையதா? இங்கே அதெல்லாம் கிடையாது, கேட்டியா. பத்தாயிடும். காப்பி குடி. காப்பிக்குப் பத்து இல்லை."

காலை நாலரைக்கு ஒரு டம்ளர். வயிற்றைக் கிள்ளுகிறது என்று முகம் காட்டினால் ஏழரைக்கு இன்னொரு டம்ளர். காப்பி பசியை அடக்கிவிடும் என்பது சூடாமணிக்குத் தெரியும். அதை ஒரு குணமாகவே நினைத்திருந்தாள்.

சொல்ல வெட்கமான சங்கதி ஒன்றும் உண்டு. அவளுக்கே காலையில் தலை சுற்றும். அதனால் ஆறு மணிக்கு சாமான் வைக்கிற உக்கிராண உள்ளுக்குள் போய், கதவை ஒருக்களித்துக்கொண்டு, பாலில் நனைத்த அவலும் வெல்லமும் ஒரு கிண்ணம் தின்பாள். வேகாத அவலுக்குப் பத்து இல்லை. வெளியே கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கும் ஒரு பிடி நனைத்திருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஒருத்தரும் தடுக்கவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் ஆடியில் நாகலக்ஷ்மி கொல்லை அறையில் உட்காரவில்லை. ஆவணியிலும் உட்காரவில்லை. மாதம் மூன்று நாள் ஒதுங்கி உட்காருவது வீட்டுக்கு வீடு தெரிகிற தெரு அது. பஞ்சாங்கம் பார்க்க மறந்தாலும் யார் எப்போது உட்கார்ந்தாள் என்பதை யாரும் மறக்கமாட்டார்கள். பேரன் வரப்போகிற சந்தோஷத்தில் சூடாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங்காத்து மாட்டுப்பொண் குளிக்காம இருக்கா" என்று பக்கத்து வீட்டுச் சுப்புலக்ஷ்மியிடம் முதலில் சொன்னாள். சுப்புலக்ஷ்மியிடம் சொன்னால் தண்டோரா போட ஆள் வேண்டாம்.

கார்த்திகையும் வந்தது. வயிறு வரவில்லை. கன்னத்தில் எலும்பு வந்தது. தலைமயிர் சீப்போடு வந்தது. மாடிப்படி ஏறினால் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. தெரு வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. "பொண்ணுக்கு என்னமோ தோஷம். ஒரே பிள்ளை, வேற ஒரு இடம் பார்க்கப்படாதோ?" என்று சுப்புலக்ஷ்மி நேராகவே கேட்டாள். சூடாமணி "சீ, என்ன பேச்சு" என்று சொல்லியிருக்கவேண்டும். "பார்ப்போம்" என்றாள்.

நாகலக்ஷ்மி அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி கேட்டது.

நாகேஸ்வரன்தான் பிடிவாதமாக வண்டி வைத்து அம்மா, பெண்டாட்டி இரண்டு பேரையும் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். டாக்டர் ராகேல் நாகர்கோவில் பக்கத்துக்காரி, கிறிஸ்தவ வேதக்காரி. கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்தாள். வெளியே வந்து சொன்னாள்:

"கர்ப்பமும் இல்ல, தோஷமும் இல்ல. இந்தப் பிள்ளை உடம்புல ரத்தமே இல்லம்மா. பட்டினி கிடக்கிற உடம்புக்கு மாசம் எங்க இருந்து வரும்? காலத்தே என்ன திங்கும்?"

"நாலரைக்கு எழுந்ததும் காப்பி" என்றாள் சூடாமணி.

"பொறவு?"

"இன்னொரு காப்பி."

"சோறு எப்ப?"

"பதினொன்றரை ஆகும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "எழும்புறது நாலரைக்கு. ஏழு மணி நேரம் அடுப்பும் தண்ணிக்குடமுமா நிக்கி. வீட்டுல தீனி இல்லியா, இல்ல குடுக்கப்பிடாதுன்னா?"

பத்தைப் பற்றி இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் நாகலக்ஷ்மி தலை நிமிராமல் சொன்னாள்: "அம்மா சாப்பிடச் சொல்லுவா டாக்டரம்மா. எனக்குத்தான் பசிக்காது."

பொய். சூடாமணி ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள், டாக்டரின் பார்வை தன்மேலிருந்து விலகியதைக் கண்டதும் மூடிக்கொண்டாள். அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னை எந்த நாளும் மன்னிக்கவில்லை.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றில் ஏதாவது விழவேண்டும், காப்பி அதற்குப் பிறகுதான் என்று டாக்டர் சொன்னாள். உளுந்தங்கஞ்சி, வெந்தயம் போட்ட கஞ்சி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை. "முட்டை சொல்லேல. உங்க வீட்டுல நம்மள வெட்டிருவாங்க" என்று சிரித்தாள். சூடாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அடுப்பில் உளுந்தங்கஞ்சி கொதித்தது. பூஜை அறையிலிருந்து புருஷன் குரல் கொடுத்தார்.

"என்ன அது, பத்து?"

"மருந்து" என்றாள் சூடாமணி.

அவர் மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. ஒரே ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்தில் அது ஏன் தன் வாயில் வரவில்லை என்று சூடாமணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் பெண்ணால் நாலு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை, குமட்டியது. சூடாமணி விடவில்லை. கால் டம்ளர், அரை டம்ளர் என்று எதிரில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். தையில் கன்னம் கொஞ்சம் தேறியது. பங்குனியில் ஒரு விடியற்காலை நாகலக்ஷ்மி கொல்லை அறையில் போய் உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்துட்டாளா? அப்போ உண்டாகலையா, கஷ்டம்" என்று சுப்புலக்ஷ்மி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மாட்டுப்பெண் தூரமானதற்குச் சந்தோஷப்பட்ட மாமியார் அந்தத் தெருவில் சூடாமணி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தொடக்கூடாது என்பதால் தள்ளி வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலே எனக்காகப் பொய் சொன்னியேடி. நானும் கேட்டுண்டு சும்மா நின்னேனே."

நாகலக்ஷ்மி கஞ்சியை இழுத்துவைத்துக்கொண்டாள். குரலில் குற்றம் சொல்கிற சாயல்கூட இல்லை.

"பொய் இல்லம்மா. நிஜமாவே பசிக்கலை. முதல் வருஷம்தான் பசிச்சுது."