செல்லப்பனின் இரவுத் தூக்கம்

செல்லப்பனுக்கும் ராசம்மாவுக்கும் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இருவரும் ஒரே கட்டிலில்தான் தூங்கினார்கள். ஆனால் ஒரே நேரத்தில் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் வேலைதான். மலேசியாவில், பத்து பகாட் ஊரில் ஒரு துணி ஆலையில் சாயம் போடும் மிஷினைப் பார்த்துக்கொள்பவர் செல்லப்பன். கல்யாணமான மறுவாரமே இரவு ஷிஃப்ட்டுக்குப் போனவர் அதிலேயே தங்கிவிட்டார். மாலை ஏழு மணிக்கு ஆலை வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். காலை ஏழரைக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். ராசம்மாவுக்கு ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. அவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரும் நேரத்தில் அவள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவாள்.

"மீ கோரேங் மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"சரி. பாத்துப் போ, ரோடு ஈரமா இருக்கு."

அவள் காலையில் மடித்து வைத்த போர்வையைப் பிரித்து அவர் போர்த்திக்கொள்வார். மாலையில் அவர் மடித்து வைத்ததை இரவில் அவள் பிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை லீவிலும் அவருக்கு இரவில் கண் மூடாது. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மகள் லோஷினி வளர்ந்ததும், படித்ததும், ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துப் போனதும் எல்லாம் இந்த நடைமுறைக்குள்ளேதான் நடந்தன. யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் ஆலைக்கு ஆர்டர் குறைந்தது. சூப்பர்வைசர் தீபன் எல்லாரையும் கேண்டீனுக்குக் கூப்பிட்டான். அடுத்த மாதத்திலிருந்து இரவு ஷிஃப்ட் கிடையாது, யாருக்கும் வேலை போகாது, எல்லாரும் பகலுக்கு மாறவேண்டும் என்றான். கூட்டம் முடிந்ததும் செல்லப்பனின் தோளில் தட்டி, "அண்ணே, இனிமே மனுஷன் மாதிரி ராத்திரியில தூங்கலாம்லா!" என்று சிரித்தான்.

செல்லப்பனும் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது ராசம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தார். பழைய மெத்தை விரிப்பை எடுத்துப் போட்டுவிட்டு அவள் புதுசு ஒன்று வாங்கி விரித்தாள்.

முதல் இரவே சங்கடம். எந்தப் பக்கம் படுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பகலில் தனியாகத் தூங்கும்போது நட்டநடுவில் கிடந்து பழகியவர். ராசம்மா சுவரோரமாகப் போய்ப் படுத்தாள். அவர் வாசல் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. உடம்பு ஆலையில் இருந்தது. எந்த நேரத்தில் எந்தத் தொட்டியில் தண்ணீர் மாற்றவேண்டும் என்று அது கணக்காக எழுப்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ராசம்மா அசையாமல் படுத்திருந்தாள். பாவம், நாள் முழுக்க அடுப்படியில் நின்றவள், நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவரும் அசையாமல் கிடந்தார். போனை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வீடியோ பார்த்தார். ஒன்று முடிந்தால் இன்னொன்று. விடியற்காலை நாலரைக்குக் கண்ணசந்தது. ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஆலையில் மிஷின் முன்னால் நின்றபடியே ஒருநாள் கண் சொருகிவிட்டது. தீபன் பார்த்துவிட்டான். திட்டவில்லை. "அண்ணே, கிளினிக் போய்ப் பாருங்க. இங்க கொதிக்கிற தண்ணி" என்று மட்டும் சொன்னான்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு மலாய்க்காரப் பெண் டாக்டர். சின்ன வயசு. தூக்க மாத்திரை வேண்டும் என்று செல்லப்பன் கேட்டதும், அது கடைசியில் பார்க்கலாம் பக்சிக் என்று மாமா முறை வைத்துச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் கோப்பி வேண்டாம், தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்கள், போனைக் கூடத்திலேயே வைத்துவிடுங்கள், கட்டிலோரம் சின்ன விளக்கு வைத்துக் காகிதத்தில் அச்சடித்த ஏதாவது ஒன்றைப் படியுங்கள் என்றார்.

"எதைப் படிக்கறது?" என்று செல்லப்பன் மலாயில் கேட்டார்.

டாக்டர் யோசித்தார். "உங்களை அவசரப்படுத்தாத எதையாவது" என்றார்.

வீட்டில் படிக்க என்ன இருக்கிறது? தமிழ் பேப்பரை எடுத்துப் போய்ப் படுத்தார். முதல் பக்கத்தில் நெடுஞ்சாலை விபத்து, மூன்றாம் பக்கத்தில் வீட்டை உடைத்துத் திருடியது. எழுந்துபோய் வாசல் கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் லோஷினி வீட்டுக்கு வந்தாள். அப்பா புத்தகம் கேட்கிறார் என்று அம்மா போனில் சொல்லியிருந்ததால் இரண்டு தமிழ்ப் புத்தகங்கள் கொண்டுவந்திருந்தாள். ஒன்று துப்பறியும் கதை. இன்னொன்று பறவைகளைப் பற்றியது, செங்கல் கனம், அங்கங்கே கறுப்பு வெள்ளைப் படங்கள்.

"இதை யாரும்மா படிப்பா?" என்று பறவைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவர் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி மூன்றே முக்காலுக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்தது. தூக்கம் மட்டும் வரவே இல்லை.

மறுநாளிலிருந்து பறவைகள்தான்.

செல்லப்பன் ரெங்கம் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் கல்யாணப் பத்திரிகை தவிர அதிகம் படித்ததில்லை. அதனால் ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்து, முணுமுணுவென்று தனக்குள் சொல்லிக்கொண்டே படித்தார். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவசரப்படுத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. கொக்கு நின்றது, மீனைப் பார்த்தது. நாரை முட்டையிட்டது, அடைகாத்தது. நாலாவது இரவில் புத்தகம் மூக்கில் விழுந்து எழுந்தார். மணி பன்னிரண்டுதான். அதற்குள் தூங்கியிருந்தது சந்தோஷமாக இருந்தது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கடல்தாண்டிப் போகும் ஒரு பறவையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். குளிர்காலம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அது வடகோடியிலிருந்து கிளம்புகிறது. எட்டு நாளைக்கு மேல் எங்கேயும் இறங்காமல் பறக்கிறது. வரிகளைத் தவறவிடாமல் இருக்க விரலை வைத்துக்கொண்டு படித்தவர், பக்கம் முடிந்ததும் திருப்பாமல் கண்ணைத் தேய்த்தார்.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது.

செல்லப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். ராசம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ராசு? நீ தூங்கலையா?"

"அப்புறம் என்ன ஆச்சு அந்தப் பறவைக்கு? எட்டு நாளா சோறு தண்ணி இல்லாம எப்படிப் பறக்கும்?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே நல்லா தின்னு கொழுத்துக்குமாம். அதை விடு. லைட் உன்னை எழுப்பிடுச்சா?"

ராசம்மா தலையணையைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

"லைட் எல்லாம் இல்லீங்க. நானும் தூங்கி ஒன்றரை மாசம் ஆகுது."

"என்னது?"

"இத்தனை வருஷமா இந்தக் கட்டில்ல தனியாக் கிடந்து பழகிட்டேன். பக்கத்துல ஒரு ஆள் மூச்சு விட்டா முழிப்பு வந்துருது. நீங்களே பாவம், வேலை மாறித் தூக்கம் இல்லாம தவிக்கறீங்க. நான் புரண்டு படுத்தா உங்களுக்குத் தொந்தரவுன்னு சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன்."

"நான் நீ தூங்கறேன்னு நினைச்சுல்ல அசையாமக் கிடந்தேன்!"

"அலமாக்!" என்றாள் ராசம்மா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவர் முதலில் சிரிக்கவில்லை. ஒன்றரை மாசம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரும் கட்டை மாதிரி கிடந்ததை நினைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து அடங்கியதும் விளக்கைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"சொல்லக் கூடாதா?" என்றார்.

"என்னன்னு சொல்றது? இவ்வளவு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த மனுஷனைப் பார்த்து, நீங்க பக்கத்துல இருந்தா தூக்கம் வரலைன்னா?"

செல்லப்பன் புத்தகத்தை எடுத்தார்.

"சத்தமாப் படிக்கட்டா?"

"ம். ஆனா வேகமாப் படிக்காதீங்க."

"எனக்கு வேகமாப் படிக்கவே வராது."

அன்றிலிருந்து ஒன்பதரைக்குப் படுக்கை, படிப்பு. நடுவில் ராசம்மா கேள்வி கேட்பாள். சில பறவைகள் பறந்துகொண்டே தூங்குமாம், பாதி மூளை தூங்கும், பாதி விழித்திருக்கும் என்று ஒருநாள் படித்தார். "நீங்க ஆலையில நின்னுகிட்டே தூங்குன மாதிரியா?" என்று கேட்டாள். கேள்வி வருவது குறையும். பிறகு நின்றுவிடும். மூச்சு மாறுவது கேட்கும். இருபத்தேழு வருஷத்தில் அவர் அறியாத ஓசை அது. அந்த மூச்சுக்குத் தக்கபடி குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், இரண்டு மூன்று வரி தள்ளி அவரும் அடங்கிவிடுவார். மறுநாள் எந்த இடத்தில் விட்டோம் என்று இருவருக்கும் தெரியாது. இரண்டு பக்கம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கில் புத்தகம் முடியவே போவதில்லை என்று லோஷினியிடம் போனில் சொன்னார். "அதுதானேப்பா வேணும்" என்றாள் அவள்.

ஆகஸ்ட் மாதம் ராசம்மாவுக்கு வயிற்றில் வலி கண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பயமில்லை என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் செல்லப்பன் தயங்கித் தயங்கி எழுந்தார். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க. மீன் குழம்பு ஐஸ்பெட்டியில இருக்கு" என்றாள் ராசம்மா. முகத்தில் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் விரலைப் பிடித்த கையை விடவில்லை. நர்ஸ் மிசி வந்து சிரித்துக்கொண்டே நின்றபிறகுதான் விட்டாள்.

வீட்டில் கட்டில் பெரிதாக இருந்தது. நடுவில் படுத்துப் பார்த்தார். பழைய இடம்தான், ஆனால் சரிப்படவில்லை. தன் பக்கத்துக்கே நகர்ந்து படுத்தார். ஒன்பதே முக்காலுக்குக் கூடத்தில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார்.

"என்னம்மா? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லை." குரலைத் தாழ்த்திப் பேசினாள். "தூக்கம் வரலை. நாளைக்கு மயக்க மருந்து குடுத்து எழும்பாமப் போயிட்டா என்னங்க பண்றது?"

செல்லப்பன் தைரியம் சொல்ல வாயெடுத்தார். பிறகு அறைப் பக்கம் பார்த்தார்.

"இரு. போனை வச்சிறாதே" என்றார். அறைக்குப் போய் விளக்கைப் போட்டார். புத்தகத்தைப் பிரித்தார். போனைத் தலையணைமேல், அவள் தலை இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மரங்கொத்தி. மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே புழு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறது. குரல் முதலில் நடுங்கியது. அரைப் பக்கம் போனதும் நிலைக்கு வந்தது.

நடுவில் அந்தப் பக்கம் வேறொரு குரல் கேட்டது. யாரோ மலாயில் ஏதோ சொன்னார்கள்.

"யாரது?"

"பக்கத்துக் கட்டில் மக்சிக், வயசான மலாய்க்காரம்மா. கால் உடைஞ்சு கிடக்காங்க, அவங்களுக்கும் தூக்கம் இல்லை. என்ன கேக்கறேன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் பறவை புத்தகம் படிக்கறாருன்னு சொன்னேன்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு வார்த்தை தெரியாது. ஆனா 'குவாட் சிக்கிட், லா'ங்கறாங்க. கொஞ்சம் சத்தமா வைக்கணுமாம். குரல் மழை மாதிரி இருக்காம்."

செல்லப்பன் கூச்சத்தில் நெளிந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, சாய்ந்துகொள்ளாமல், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிமிர்ந்து படித்தார். மரங்கொத்தி முடிந்தது. மீன்கொத்தி வந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, "ராசு?" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டார். அவள் மூச்சு அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கு அப்பால் இன்னொருவரின் குறட்டை நல்ல கனமாகக் கேட்டது. போனை அணைக்க மனம் வரவில்லை. பேட்டரி தீரும்வரை அப்படியே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றாள் ராசம்மா. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கிளம்பும்போது பக்கத்துக் கட்டில் மக்சிக் செல்லப்பனின் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலுக்குத் தகுந்த முகம்தான் என்று மலாயில் சொல்லி வார்டையே சிரிக்கவைத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றிரவு ராசம்மாவுக்கு ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மல்லாந்து படுத்து அவர் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் பக்கம் திருப்புவது கஷ்டமாக இருந்தது. அதனால் திருப்பாமல் அதே பக்கத்தை இரண்டு தரம் படித்தார். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செல்லப்பன் கண்விழித்தபோது ஜன்னல் திரை முழுக்க வெயில். ஒரு நிமிஷம் இது பகல் தூக்கம் என்றே நினைத்தார். பழைய நாட்களில் எழுந்தால் இந்த வெளிச்சம்தான் இருக்கும். பிறகு பக்கத்தில் ராசம்மா தூங்குவதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே கால். ஆலை வேன் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இத்தனை வருஷ வேலையில் அவர் ஒருநாள்கூட வேனைத் தவறவிட்டதில்லை.

கூடத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. தீபன்.

"அண்ணே! என்னாச்சு? அண்ணிக்கு ஒண்ணுமில்லையே? வேன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் போயிருக்கு. பயந்துட்டேன்."

"ஒண்ணுமில்லை, தீபா. அவ நல்லா இருக்கா." செல்லப்பன் திறந்த கதவு வழியாக அறைக்குள் பார்த்தார். ராசம்மா இன்னும் அசையவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அப்ப ஏன் வரலை?"

"தூங்கிட்டேன்லா" என்றார் செல்லப்பன், பரீட்சையில் பாசான பையனைப்போல.