கயிற்றின் கீழ்முனையில் கண்ணகி

கண்ணகி கயிறு பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது அடி நைலான் கயிறு. அரிசியில் கல் பொறுக்குவதுபோல அங்குலம் அங்குலமாகத் தடவி, சந்தேகப்பட்ட இடத்தைப் பல்லால் கடித்துப் பார்த்து, மடியில் வளையமாகச் சுருட்டினாள். முடியும்வரை யாரும் பேசக் கூடாது. பெரம்பலூரில் எங்கள் அடுப்படிக் கூரைமேல் சாய்ந்துவிட்ட வேப்பமரத்துக்காக அவளும் அவள் கணவர் அய்யம்பெருமாளும் வந்திருந்தார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொன்னால் கோபம் வரும். "வெட்டுறதுக்கு எவன் வேணா வருவான் சார். நாங்க எறக்குறவங்க."

அவர் மேலே அறுப்பார். இவள் கீழே பிடிப்பாள். கொப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டை வழியாக இறங்கி, அடிமரத்தை மூன்று முறை சுற்றி அவள் கையில் முடியும். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். அவளைப் போல நான்கு மடங்கு கனத்த கொப்பும் அவள் விட்டால்தான் இறங்கும். "மூணு சுத்து போட்டா ஆனையக்கூட உக்கார வைக்கலாம். ஒரு சுத்து கொறஞ்சா அது கீழ வந்துடும், நான் மேல போயிடுவேன்."

வேலை நடக்கும்போது நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள். கயிற்றின் நடுக்கமே போதும். "இப்ப பீடி பத்த வைக்கிறாரு பாருங்க" என்றாள். பற்றவைத்துக்கொண்டுதான் இருந்தார்.

மரமும் வீடும் ஒரே பேச்சில் போகும்.

"விடு, விடு... புடி! மோட்டார நிறுத்துனியா?"

"நிறுத்தியாச்சு. ஒங்க தங்கச்சி பத்திரிக்கை வச்சிட்டுப் போனா."

"என்னிக்குக் கல்யாணம்?"

"மொதல்ல கொப்பப் பாருங்க!"

மூன்றாவது கொப்பு அறுபட்டு, ஊசலாடி, எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இரண்டு முழம் மேலே நின்றது. அப்போது ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கண்ணை இழுக்க, கண்ணகி நிமிர்ந்துவிட்டாள். மகள் வினோதினி, சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் தன் வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு பெல்ட்டு அது. அய்யம்பெருமாள் அதை மரம் அறுக்கும் மிஷினுக்கு மாட்டியிருந்தார்.

"மிஷினுக்கா மாட்டுனீங்க?"

"அது வுழுந்தா ஒடைஞ்சு போவும்டி."

"நீங்க வுழுந்தா?"

"நான் எங்க வுழப் போறேன்?"

"போன ஆடியில வுழுந்தது யாரு? மூணு மாசம் இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தது யாரு?"

கயிற்றை அடிமரத்தோடு முடிந்துவிட்டு, வெற்றிலைப் பையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்படியைக் காலையிலேயே காலி செய்யச் சொல்லியிருந்ததால் ஆட்களுக்கு ஆபத்தில்லை. கூரைக்குத்தான்.

"கண்ணகி, இத மட்டும் எறக்கிட்டு..." என்றேன்.

"எறக்கிட்டா அப்புறம் கேப்பாரா சார்? அது ஒங்க கூரைமேல தொங்குற வரைக்கும்தான் என் பேச்சு எடுபடும்."

கால் மணி நேரம் கழித்து அய்யம்பெருமாள் பெல்ட்டோடு இறங்கி வந்தார். தொடை, தோள், மார்பு என்று ஒவ்வொரு வாராக அவளே பூட்டி, முழங்காலை முதுகில் கொடுத்து இறுக்கினாள். தொங்கிய நுனிகளைப் பின்னால் சேர்த்து, கொப்புக்குப் போடும் முடிச்சையே போட்டாள். அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை விட்டாள். தட்டில் தோசை வைத்ததுபோலக் கொப்பு தரையில் படுத்தது.

வேலை முடிந்து கூடத்தில் டீ கொடுத்தோம். அய்யம்பெருமாளால் பெல்ட்டோடு சரியாக உட்காரக்கூட முடியவில்லை. கையைப் பின்னால் வளைத்து வளைத்துப் பார்த்தார், முடிச்சு எட்டவில்லை.

"நாளைக்குத் திருமழபாடியில சின்ன மரந்தான் சார்" என்றார் என்னிடம், அவளுக்குக் கேட்கும்படி. "அதுக்கெல்லாம் பெல்ட்டு வேணாம்."

கண்ணகி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அடியே, ஒண்ணுக்குப் போவணும். இத அவுத்து வுடேன்."

அவள் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தாள். கயிற்று வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.