தும்புத்தடிச் சாமியார்

சிட்னியின் கிரவீனில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. வெயில் ஏறினால் உள்ளே பழைய பெயின்ற்றும் வெட்டிப்போட்ட புல்லும் சேர்ந்து மணக்கும். ஒருநாள் அதோடு சோற்று மணமும் கலந்திருந்ததை மோப்பம் பிடித்தவர் அம்மா.

அப்போது முன்னறையில் தாஸ் அண்ணா வாடகைக்கு இருந்தார். மன்னாரிலிருந்து படகில் வந்தவர், அம்மாவின் பேச்சில் "வேதக்காரர்", அதாவது கிறிஸ்தவர், விசா முடிவுக்குக் காத்திருந்தவர். வந்த அன்றே, மரியாதை என்று நினைத்து, எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு படத்தை வைத்துவிட்டார். வெள்ளை அங்கி, கறுத்த முகம், கையில் வீடு கூட்டுகிற "தும்புத்தடி".

"படத்தில எண்டாலும் தும்புத்தடி சாமிக்குப் பக்கத்தில வரலாமோ? உவர் ஏதோ செய்வினை செய்யப் பாக்கிறார்," என்றார் அம்மா. படம் முன்னறைக்குப் போனது.

அவர் பெரு நாட்டுப் புனித மார்ட்டின் என்று தாஸ் அண்ணா எனக்குச் சொன்னார். ஆபிரிக்க வழித் தாய்க்குப் பிறந்தவர் என்பதால் மடத்தில் வேலையாளாகத்தான் சேர்த்தார்களாம். கூட்டினார், முடி வெட்டினார், நோயாளிகளுக்கு மருந்து கட்டினார். மடத்துத் துணிகளை எலிகள் கடித்தபோது, தோட்டத்துக்குப் போனால் தினமும் சாப்பாடு தருவதாக அவற்றோடு பேசி, கொல்லாமலே வெளியேற்றினாராம். பிள்ளையாரின் காலடியில் எலி இருக்கிற வீட்டில் இதை நம்புவதற்கு என்ன கஷ்டம்? ஆனால், ஒருவரும் நம்பவில்லை.

பின்னேரங்களில் தாஸ் அண்ணா சோற்றுக் கோப்பையோடு கொட்டிலுக்குப் போவதை அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். "விசா இல்லாத ஆரையோ ஒளிச்சு வைச்சிருக்கிறார். பிடிபட்டால் எங்கட சிற்றிசன்சிப்பும் போச்சு." அப்பா கொட்டிலைத் திறந்தார். கோப்பையைச் சுற்றி எலிகள் சிதறி ஓடின.

"குசினிக்குள்ள வராமல் இருக்கத்தான் அன்ரி," என்றார் தாஸ் அண்ணா.

"எலிக்குச் சோறு வைக்கிறவனும் இருப்பானோ? ஒளிச்சு வைச்ச ஆள் ஓடியிருக்கும்," என்றார் அம்மா. அந்தக் கிழமையே அறையை விடச் சொல்லிவிட்டார்கள். "போட்டு வாறன்" என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டு அவர் மெல்பேர்ன் பக்கம் போனார். எனக்கு அழுகை வந்தது. சில நாட்களில் குசினி முழுக்க எலி. "போகேக்க ஏவி விட்டிட்டுப் போட்டார்," என்றார் அம்மா.

இப்போது அந்த வீடும் இல்லை, கொட்டிலும் இல்லை. அங்கே வரிசையாக மாடிவீடுகள். அம்மா என்னோடு நார்த்மீட்டில் இருக்கிறார். படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதாக அண்மையில் செய்தி ஓடியபோது, ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பெடியனுக்கு விசா கிடைச்சிருக்குமோ?"

யாரிடம் கேட்பது? அவருடைய முழுப்பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.