கண்ணீர் அஞ்சலியில் சின்னையன்

மீனாட்சிபுரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் கோமதிக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒரு கையில் மவுஸ், மறு கையில் டீ, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். காதுகுத்தோ கல்யாணமோ, நெட்டிலிருந்து படத்தை எடுப்பாள். ஓரத்தில் எவன் பெயராவது இருந்தால் நறுக்கிவிடுவாள். "நெட்டுல கெடக்கறது ஊர்க் கெணத்துத் தண்ணீங்க" என்பாள். கிணற்றை வெட்டினவன் ஒருத்தன் இருப்பானே என்று அவளிடம் கேட்க இந்த ஊரில் யாருக்குத் தைரியம்?

செவ்வாய்க்கிழமை காலை, சித்தூரிலிருந்து பொன்னாத்தாள் அத்தை அழுதுகொண்டே போன் செய்தாள்.

"ஏங்கண்ணு, அப்பன் தவறீட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா உனக்கு?"

கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சின்னையன் வாசலில்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டபிறகுதான் விஷயம் புரிந்தது. சித்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஷைஜு என்று ஒரு மலையாளத்துப் பையன் புதிதாக ஃபிளெக்ஸ் கடை போட்டிருக்கிறான். மாதிரிக்கு வாசலில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறான். அதில் சிரிப்பவர் சின்னையன். தம்பி கல்யாணத்துக்காகக் கோமதியே எடுத்து, பெருமைக்கு ஃபேஸ்புக்கில் போட்ட படம்.

அப்பாவோ பல் பிடுங்கச் சித்தூருக்குத்தான் புறப்படுகிறார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து போன மாதம்தான் வந்த மனிதர். தன் சாவைத் தானே பார்த்தால்?

"மத்தியானமாப் போலாமுங்கப்பா."

"பல்லு வலி உசுரு போவுது, மத்தியானமாம்!"

அவர் பஸ் ஏறிவிட்டார். கோமதிக்கு ஸ்கூட்டர் சாவி கிடைக்கவில்லை. கிடைத்தபோது பெட்ரோல் இல்லை. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே ஓட்டி, பாதி வழியில் பஸ்ஸை முந்தி, ஷைஜு கடை வாசலில் போய் இறங்கினாள்.

"யாரக் கேட்டு எடுத்தே? அது நாம் புடிச்ச படம்! எங்கப்பன் உசுரோட இருக்கறாரு!"

ஷைஜு அவசரமாக எழுந்தான். "நெட்டுல கெடந்தது சேச்சி. ஆரோடதுன்னு அறியல." ஸ்டூலைப் போட்டு ஏறி, பேனரை அவிழ்த்துச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"உங்க ஊர் ஜங்ஷன்ல கோயில் திருவிழாவுக்குத் தேர்ப் படம் கட்டீருக்கீங்களே, அது நான் எடுத்தது. மரத்துல ஏறி எடுத்து, விழுந்து கை ஒடிஞ்சது. என் பேர நறுக்கீட்டீங்க."

கோமதி பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. பஸ் வந்தது, அப்பா கன்னத்தைப் பிடித்தபடி பல் டாக்டரிடம் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பும்போது தேர்ப் படத்தைப் பார்த்ததும் ஜங்ஷனைத் தாண்ட மனசு வரவில்லை. வண்டியை நிறுத்தி, பேனரில் இருந்த கடை நம்பருக்குப் போன் போட்டு ஷைஜுவைக் கூப்பிட்டாள்.

"அந்தத் தேர்ப் படத்த வெச்சுக்கட்டுமா தம்பி? உம்பேரும் போட்டுடறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறாள். கேட்டால் தராமலா போவான் என்றுதான் நினைத்தாள்.

"வேண்டாம் சேச்சி."

வேறொரு பேனர் கட்ட ஏணியோடு அங்கே வந்திருந்த புருஷன் நவீன்குமார் பேச்சைக் கேட்டுச் சிரித்தான். "அவன் அங்க, நாம இங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"கேட்டுட்டேனுங்களே, வேண்டாம்னுட்டானே" என்றாள் கோமதி.

காசு கொடுத்துக் கட்டச் சொன்ன கோயில் கமிட்டிக்காரர்கள் என்ன சொல்வார்களோ. ஏணியைச் சாத்தச் சொல்லி, தேர்ப் படத்தை அவிழ்க்க ஏறினாள்.