மூலை சார் தன் ஸ்கிரிப்ட்டுக்கு வாய் வைத்தது

மூன்றாம் மாடியில், கழிவறைக்குப் போகிற வழியில் கடைசி மேஜை அவருடையது. அதனால் மூலை சார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

மேஜையருகே இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. வருகிறவர்களுடையதைத் திங்கட்கிழமை தோறும் துடைத்து வைப்பார். தன்னுடையதை அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

வாசல் கதவில் மாட்டும் கேமரா செய்கிற நிறுவனம் அது. கேமராவுக்குள் ஓடும் மென்பொருளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு கோப்பு எழுதிக் கொடுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது மூலை சார் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல். ஒரே வரியை இரண்டு பேர் வெவ்வேறாக எழுதியிருந்தால் கடைசிக் கோப்பு சொன்னதுதான் நிற்கும். முந்தையது காணாமல் போகும். ஸ்கிரிப்ட் மூச்சு விடாது, கல்லுளிமங்கன்.

காலையில் படக் குழுப் பெண் வந்து நிற்பாள்.

"சார், இருட்டுல படம் எடுக்கற வரி 'வேணும்'னு எழுதியிருந்தேன். காணோம். யாரு முழுங்கினா?"

"உக்காரும்மா. பேட்டரிக் குழுக்காரர் இப்பதான் ஏப்பம் விட்டுட்டுப் போனாரு."

ஐந்து நிமிடத் தேடலை அரை மணியாக இழுப்பார். நடுவில் அவள் அம்மாவின் முழங்கால் வலி, இரண்டாம் மாடியில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அலசப்படும். குற்றவாளி சிக்காவிட்டால் பேட்டரிக்காரர் தலையில் கட்டிவிட்டு, போன வரியைச் சேர்ந்து வந்த கோப்பில் கையால் எழுதி வைப்பார். அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடினால் மறுபடி போகும். அவள் மறுபடி வருவாள்.

வீட்டில் அப்படி வர ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். இருக்கிற இரண்டு டம்ளரில் ஒன்றில் பல் துலக்கும் பிரஷ் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள்.

"யார்கிட்டயாவது பேசறியாடா?"

"ஆபீஸ்ல ஒரே கூட்டம்க்கா. மூச்சு விட முடியல."

மேலாளருக்கு அந்தக் கூட்டம்தான் உறுத்தியது. "யார் வரியை யார் மாத்தினாங்கன்னு ஸ்கிரிப்ட்டே சொல்லிடணும் சார். எல்லாரும் உங்க கிட்ட வந்து உங்க வேலை கெடுது."

"என் வேலை ஒண்ணும் கெடலைங்க" என்றார். எடுபடவில்லை.

மாற்றம் என்னவோ பத்து வரிதான். அதை இரண்டு நாள் எழுதினார். ஓட்டிப் பார்த்தால், மாறிய வரிகள் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தாறை மாற்றியது ஒரே கோப்பு. பேட்டரிக்காரருடையது அல்ல. மூலை சாருடையது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் சோதனைக்காக, கடைசியில் சேரும்படி தானே போட்டு மறந்தது. குழுக்களின் கோப்புகளைக் குடைந்தவர், தன் மடியைத் தடவிப் பார்க்கவே இல்லை.

எழுந்து போய் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கிரிப்ட்டைப் பழையபடி விட்டால் இங்கே ஆள் வரும். கோப்பைச் சத்தமில்லாமல் அழித்தால் மானம் தப்பும், ஆள் வராது. பேட்டரிக்காரரை நினைத்துக்கொண்டார். ஒன்பது வருடமாகத் திட்டு வாங்குகிற மனுஷன். பட்டியலை அப்படியே எல்லாருக்கும் அனுப்பினார்.

மறுநாள் மாடியே மேஜையைச் சுற்றி நின்றது.

"யோவ் மூலை! பண்ணினது பூரா நீ, கட்டினது என் தலையிலயா?"

"உம்ம தலைதான்யா அகலமா இருந்துச்சு!"

அப்படி ஒரு சிரிப்பு. எல்லார் முன்னாலும் அந்தக் கோப்பை அழித்தார். கை தட்டினார்கள். பிறகு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

அதன்பின் யாரும் வரவில்லை. எட்டாம் நாள் படக் குழுப் பெண் வந்தாள். மூலை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா முழுங்கினா?"

"யாரும் இல்ல சார். இப்ப அதுவே சொல்லிடுதே. இந்த நாற்காலி சும்மாதானே கிடக்கு? எங்க பக்கம் ஒருத்தர் புதுசா சேர்ந்திருக்காரு."

"எடுத்துக்கோம்மா. துடைச்சுதான் வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டாள். "என்னடா, ஆபீஸ்ல கூட்டமா?"

"இல்லக்கா" என்றார். "இப்ப நல்லா மூச்சு விட முடியுது."